“பிடிச்சுட்டேன்” என்றுதான் உன் அப்பாவும் சொன்னார்

பாண்டிக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நாகமலை புதுக்கோட்டையில் உன் பெரியப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றுகொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். முன்பல் போன வாயால் எப்படி மெல்லுகிறாயோ தெரியவில்லை. வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று நீ சோற்றுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தாயே, அந்தக் குழம்புக் கறை அப்படியே இருக்கிறது. நான் துடைக்கவில்லை. நீ வந்து துடைப்பாய் என்று விட்டுவைத்திருக்கிறேன். நேரில் பேசினால் நீ கத்துவாய், நான் உனக்கு மேலே கத்துவேன், ஒத்தக்கடை முழுக்கக் கூடிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கவரை ஒட்டாமல் கொடுத்தனுப்புகிறேன். பெரியப்பாவும் படிக்கட்டும், வக்கீலும் படிக்கட்டும், அடுத்த வீட்டுக்காரன் கேட்டால் அவனுக்கும் கொடு. ஒளித்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

வக்கீல் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. “அம்மா, நீங்க பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம். புது வேனுக்கு முனி கோயில்ல பூசை போட்டோம். படைச்ச சாராயத்துல தீர்த்தமா ஒரு வாய் வாங்குனான். அம்புட்டுத்தான். தெளிவா இருந்தான், தெளிவா ஓட்டிக்கிட்டுப் போனான். பூசாரி பயந்துக்கிட்டு எங்கயோ ஓடிட்டான். கூட இருந்தது நீங்க மட்டும்தான். பெத்த தாய் கூண்டுல ஏறி நின்னு இதைச் சொன்னாப் போதும், மிச்சத்த டாக்டர் ரிப்போர்ட் பாத்துக்கும்.” டாக்டர் ரிப்போர்ட்டில் உன் ரத்தத்தில் சாராயம் கொஞ்சம்தான் என்று இருக்கிறதாம். அந்தக் கொஞ்சத்துக்குக் காரணம் சாமி தீர்த்தம் என்று நான் சொல்லிவிட்டால், உன் வேனில் அடிபட்ட செல்லத்தாய்தான் குறுக்கே ஓடிவந்து விழுந்தாள் என்று ஆகிவிடும். யானைமலை அடிவாரத்தில் கல் உடைத்துப் பிழைத்தவள், வலது காலை முட்டிக்கு மேலே வெட்டி எடுத்தாயிற்று, இனி தப்பும் அவள் தலையில்தான். நான் கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உன் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா கரும்பு லாரி ஓட்டியவர் என்பது உனக்குத் தெரியும். அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது பெரியப்பா சொல்லித்தான் உனக்குத் தெரியும், அதாவது தெரியாது. நான் சொல்கிறேன் கேள். சாராயம் மட்டும் குடித்த அன்று அடிப்பார். லாரி இன்ஜினில் மாட்டும் ஃபேன் பெல்ட் ஒன்று, தேய்ந்துபோனது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது எனக்காகத்தான் தொங்கியது. கஞ்சா மட்டும் இழுத்த அன்று தங்கமான மனுசன். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். “ஏ புள்ள, இன்னுங் கொஞ்சம் சோறு வையி” என்று பானையைக் காலி பண்ணிவிட்டு அங்கேயே சாய்ந்து தூங்கிவிடுவார். இந்த இரண்டு ஆளையும் எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஒருத்தர் வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும், இன்னொருத்தர் வந்தால் உலை வைக்க வேண்டும். மூன்றாவதாக ஒருத்தர் உண்டு. இரண்டையும் கலந்து போட்டுக்கொண்டு வருகிறவர். அவர் அடிக்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார். நிதானமாகப் பேசுவார். நிதானமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு நிலைப்படியில் நெற்றியை முட்டிக்கொள்வார். அவரைத்தான் எனக்குச் சமாளிக்கத் தெரியாது.

உனக்கு அப்போது ஓடியாடுகிற வயசு. உன்னை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது அப்பாவுக்கு வழக்கம். நீயும் “இன்னொருக்கா, இன்னொருக்கா” என்று அவர் காலைக் கட்டிக்கொள்வாய். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தது மூன்றாவது ஆள். நான் அடுப்படியிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று ஓடிவருவதற்குள் உன்னைத் தூக்கிப் போட்டுவிட்டார். நீ மேலே போனாய், சிரித்தாய், கீழே வந்தாய். அவர் கையை நீட்டினார். கை வரத்தான் செய்தது. ஆனால் நீ சிமெண்டுத் தரையில் விழுந்து மண்டை பிளந்த பிறகுதான் வந்தது. ஒன்றுமில்லாத காற்றில் இரண்டு கையும் சேர்ந்து நின்றன. ரத்தம் உன் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, கொஞ்சமும் பொய்யில்லாத முகத்தோடு, “பிடிச்சுட்டேன்ல, ஏன் கத்துற?” என்றார். நான் உன்னை இடுப்பில் அள்ளிக்கொண்டு, அடுப்பில் செருகியிருந்த விறகுக் கட்டையை உருவி அந்தக் கையிலேயே போட்டேன். விரல் முறிந்த சத்தம் கேட்டது. அந்த வலிகூட அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. நீ படியில் தடுக்கி விழுந்துவிட்டாய் என்று ஊருக்குச் சொன்னவர் உன் பெரியப்பா. அதையே நீயும் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாராயம் பயத்தை எடுத்துவிடும். கஞ்சா நேரத்தை இழுத்து நீட்டிவிடும். தனித்தனியாக என்றால் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும், ஒன்று பயமாவது இருக்கும், இல்லை நேரமாவது தெரியும். இரண்டும் சேர்ந்தால் பயமும் போச்சு, நேரமும் போச்சு. எதிரே ஆள் வந்தால், இன்னும் எம்புட்டோ நேரம் கிடக்கிறது என்று தோன்றும். இதில் பெரிய கொடுமை, தான் நல்லபடியாகத்தான் செய்தோம் என்று அந்த ஆள் மனசார நம்புவான். பொய் சொல்லுகிறவனை அடித்துக் கேட்கலாம். நம்புகிறவனை என்ன செய்வது?

அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கும்போது, முதல் லோடு எடுப்பதற்கு முன்னால் டிரைவர்கள் முனிக்குப் பூசை போடுவார்கள். சேவல் அறுத்து, டம்ளரில் சாராயமும் இலையில் சுருட்டும் கஞ்சாவும் வைப்பார்கள். படைத்ததை முதல் லோடு எடுக்கிறவன் அந்த இடத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. சாமி கொடுத்த சரக்கு ஆளைக் கவிழ்க்காது, முனி முன்னால் ஓடுவான், வண்டி பின்னால் போகும் என்று நம்பிக்கை. அதோடு அது மதுவிலக்குக் காலம். சாவடியில் போலீஸ்காரன் லாரியை நிறுத்தி “ஊது” என்பான், மூக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவருவான். அதற்கு இவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சாராயத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது, மீதிப் பாதிக்குக் கஞ்சாவை இழுத்துக்கொள்வது. போதை முழுசாக ஏறும், வாடை பாதிதான் அடிக்கும். அந்தப் பாதிக்கும் ஒரு கை மல்லித்தழையை மென்று துப்பிவிடுவார்கள். கேட்டால், “கஞ்சா போட்டா சாராயம் தெளிஞ்சிரும் அண்ணே” என்பார்கள். தெளியாது. தெளிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அப்படி முனியிடம் வாங்கிக்கொண்டு கரும்பு லோடோடு கிளம்பிய ஒரு காலை நேரத்தில்தான் உன் அப்பா முன்னால் போன மாட்டு வண்டியின் மேல் லாரியை ஏற்றினார். நல்ல வெளிச்சம், நேரான ரோடு, எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. ஒரு மாட்டின் வயிறு கிழிந்து குடல் ரோட்டில் கிடந்தது. இன்னொரு மாடு நுகத்தடியில் மாட்டிக்கொண்டு கதறியது. வண்டிக்காரர் பின்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை வைத்துத்தான் அவர் பெண்சாதி அடையாளம் சொன்னாள். வயலில் வெட்டிக்கொண்டிருந்த சனம் ஓடிவந்து உன் அப்பாவைக் கதவோடு இழுத்துப் போட்டது. அவர் லாரியிலிருந்து உருவிய கரும்பாலேயே அடித்தார்கள். கரும்பு ஒடிய ஒடிய வேறு உருவிக்கொண்டார்கள். சேதி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது தாடை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாடையை வைத்துக்கொண்டு, “ஹாரன் அடிச்சேன், ஒதுங்கித்தான் போனேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஹாரன் சத்தத்தை அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் அவர் மனசுக்குள் அடித்திருக்கிறார்.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். போதையா என்று பார்க்க டாக்டர் வந்தார். ஊதச் சொன்னார், வாயெல்லாம் ரத்த வாடை. நேராக நடக்கச் சொன்னார், முட்டி பெயர்ந்தவர் எப்படி நடப்பார்? கண் சிவந்திருக்கிறது என்றால் அடி வாங்கிய கண் சிவக்கத்தானே செய்யும். பேச்சு குழறுகிறது என்றால் தாடை உடைந்திருக்கிறது. ஊர்ச்சனம் அடித்த அடி அத்தனையும் அவருக்குச் சாட்சியாக மாறிப்போனது. கடைசியில் சாராயத்துக்கு ரத்தம் எடுத்தார்கள். நான் டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

“அய்யா, சாராயம் கொஞ்சம்தான் குடிச்சிருப்பாரு. கஞ்சாவும் சேத்துப் போட்டிருக்காரு. அதையும் பாருங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாரும்மா?”

“அவரு பெண்சாதி.”

“கஞ்சாவுக்கெல்லாம் இங்க சோதனை கெடையாது. சாராயம் இருக்கா இல்லையான்னு கேட்டிருக்காங்க, அதைத்தான் நான் எழுதணும்.”

திரும்புவதற்குள் உன் பெரியப்பா என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, தோடு தெறித்துப் படிக்கட்டில் விழுந்தது. “கட்டுனவனையே காட்டிக்குடுக்குறியாடி? தாலி கழுத்துல உறுத்துதா?” என்றார். நான் தோட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றேன். “உறுத்தல. உங்க தம்பி உசுரோட இருக்கணும்னுதான் சொல்றேன்” என்றேன். இன்னொன்று விழுந்தது. காது இன்றைக்கும் ஒரு பக்கம் சரியாகக் கேட்காது. இதைப் படிக்கும்போது பெரியப்பா பக்கத்தில் இருந்தால் எந்தப் பக்கம் என்று கேள், அவருக்கு நினைவிருக்கும்.

குடித்திருந்தார், ஆனால் போதையில் இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். குடித்ததற்கு மட்டும் அபராதம் கட்டினார்; மாடு மிரண்டு நடுரோட்டுக்கு வந்ததுதான் காரணம் என்று வண்டிக்காரர் செத்த கேஸ் தள்ளுபடியானது. உனக்கு அந்த நாள் நினைவிருக்கும், ஏனென்றால் தெருவில் சரவெடி போட்டார்கள். அப்பா உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “டாக்டரையே ஏமாத்திட்டோம்டா மாப்ள” என்று தன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீயும் கையைத் தட்டினாய். செத்துப்போன வண்டிக்காரரின் பெண்சாதி தெருமுனையில் வந்து நின்று ஒரு பிடி மண்ணை அள்ளி வீசிவிட்டுப் போனதை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். அன்றைக்கே உன் அப்பா செத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு தடவை தப்பித்ததை அவர் தப்பித்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. தான் தப்பே செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ஜாக்கி ராடை எடுத்து அவர் லாரியின் முன்கண்ணாடியை நொறுக்கினேன். ஃபேன் பெல்ட் அறுகிற வரைக்கும் அடி வாங்கினேன். அடுத்த வாரமே புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெட்டு தொடங்கியதும் மறுபடியும் அதே முனி, அதே டம்ளர், அதே இலை. உச்சி வெயிலில் ரோட்டோரப் புளியமரத்தில் லாரி நேராகப் போய்ச் செருகி நின்றது. ஸ்டியரிங் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியிருந்தது. கடப்பாரையால் கேபினைப் பிளந்துதான் எடுத்தார்கள், அதுவும் முழுசாக எடுக்க முடியவில்லை. சேதி கேட்டு நான் போய்ச் சேர்ந்தேன், எடுக்கும்போது கொஞ்சம் உயிர் இருந்தது. என்னைப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் திருப்பிட்டேன் என்கிற மாதிரி அவர் இடது கை சுற்றியது. முனி அடித்துவிட்டான் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். முனிக்கு வேறு வேலை இல்லையா?

இனி உன் கதைக்கு வருகிறேன். புது வேனுக்குப் பூசை போட்டே ஆக வேண்டும் என்று நீ நின்றபோது, ஒத்தக்கடைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் போதும் என்றேன். “அப்பா போட்ட எடத்துலதான் போடுவேன்” என்றாய். நான் கூட வந்ததே உன்னைக் காவல் காக்கத்தான். பூசாரி கொடுத்த சாராயத்தில் நீ குடித்தது ஒரு வாயா? அரை டம்ளர். இப்போது கடையிலேயே சாராயம் விற்கிறார்கள், போலீஸ்காரன் மூக்குக்குப் பயந்த காலம் போய்விட்டது. ஆனாலும் நீ அப்பாவின் கணக்கை விடவில்லை. மீதிப் பாதி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கஞ்சா உருட்டிய பீடியை அடுத்தடுத்து இழுத்தாய். “பயப்படாதம்மா, இது அதைத் தெளிய வச்சிரும்” என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டதும் சாவியைப் பிடுங்கினேன். நீ என் மணிக்கட்டை முறுக்கினாய். விடவில்லை என்றதும் தள்ளினாய், நான் சூலத்துக்குப் பக்கத்தில் மல்லாக்க விழுந்தேன். “நீ பஸ்ஸுல வா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய். என் முதுகுக் காயம் இப்போதுதான் காய்ந்தது.

நடுவில் டவுனில் நிறுத்தி உன் கூட்டாளிகளுக்கெல்லாம் வண்டியைக் காட்டியிருக்கிறாய். அதனால்தான் பஸ் மாறி வந்த நானும் அதே நேரத்துக்கு ஒத்தக்கடை வந்து சேர்ந்தேன். பஸ் நின்றுவிட்டது. சனம் ரோட்டை அடைத்திருந்தது. யாரோ ஒரு டிரைவரை அடிக்கிறார்கள் என்று கண்டக்டர் சொன்னான். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நீ. முகம் தெரியவில்லை, சட்டையை வைத்துத்தான் தெரிந்தது, பூசைக்கென்று நான் எடுத்துக்கொடுத்த சட்டை. உன் பல் ரோட்டில் கிடந்தது. செல்லத்தாயின் தம்பி கல் பெயர்க்கிற கம்பியை ஓங்கிக்கொண்டிருந்தான். நான் போய் உன் மேல் விழுந்தேன். ஓங்கியது நிற்கவில்லை, என் தோளில் இறங்கியது. “எம் பிள்ளடா, விடுங்கடா” என்று நான் அலறியது எனக்கே வேறு யாரோ அலறுவது மாதிரி இருந்தது. அந்த நேரத்தில், என் நெஞ்சுக்கு அடியில் கிடந்துகொண்டு, நீ சொன்னாய்: “பிரேக் போட்டேன்மா. நின்னுருச்சும்மா.”

அதற்கு மேல் நான் அலறவில்லை, பாண்டி. எழுந்து ரோட்டைப் பார்த்தேன். செல்லத்தாயின் செருப்பு ஒன்று ரோட்டோரத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் கிடந்தது. அவள் நடுரோட்டுக்கு ஓடி வரவில்லை, ஓரத்தில்தான் நின்றிருக்கிறாள். அங்கே டயர் தேய்ந்த அடையாளமே இல்லை. அவளையும் அவள் தூக்குவாளியையும் இழுத்துக்கொண்டு போன ரத்தத் தடம்தான் இருந்தது. பிரேக் போட்ட கறுப்புக் கோடு அதையும் தாண்டி, டீக்கடைக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. உன் கால் வந்தது, பிந்தி வந்தது. நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயமே அதுதான்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பழையபடியே நடந்தது. நீ நடக்க முடியாமல் இருந்தது அடியால், கண் சிவந்தது அடியால், ரத்தத்தில் சாராயம் கொஞ்சம். இந்தத் தடவை சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். “கஞ்சாவக் கண்டுபிடிக்க முடியும்மா. ஒண்ணுக்க எடுத்து மெட்ராஸுக்கு அனுப்புனா பல நாள் கழிச்சும் தெரியும். ஆனா அன்னைக்குப் போட்டானா, முந்துன வாரம் போட்டானான்னு அது சொல்லாது. ரெண்டையும் சேத்துப் போட்டா சாராயம் கொஞ்சமா இருந்தாலும் ஆளு எம்புட்டு நெதானம் தப்பியிருந்தான்னு எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. பக்கத்துல இருந்து பாத்தவங்கதான் சொல்லணும்.” போலீஸ் கேட்டு எழுதவில்லை, அதனால் அனுப்பவும் இல்லை. அப்படியானால் பக்கத்தில் இருந்து பார்த்தது யார்? பூசாரி ஓடிவிட்டான். முனி கூண்டில் ஏற மாட்டான்.

நீ பெரியப்பா வீட்டுக்குப் போன பிறகு நான் செல்லத்தாயைப் பார்க்கப் போனேன். அவள் தம்பி வாசலிலேயே மறித்தான், கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். தள்ளட்டும் என்று நின்றேன். உள்ளேயிருந்து அவள்தான், “விடுடா, பொம்பள ஆளு” என்றாள். வெட்டிய காலின் மேல் சேலையைப் போட்டு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“யாருக்கா நீங்க?”

“ஒன்னைய ஏத்துனவனோட ஆத்தா.”

சேலையை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “நானாக்கா ஓடி வந்தேன்? எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. வக்கீலு சொல்றாரு, பேப்பர்ல இருக்காம். நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ஒருவேள நாந்தான் ஓடி வந்தேனோ?”

பாண்டி, அவள் கால் போனதற்கு நான் அழுதேன். ஆனால் இதைக் கேட்டதும் எனக்கு வந்தது அழுகை இல்லை. கையில் உன்னைக் கொடுத்திருந்தால் அங்கேயே கொன்றிருப்பேன். காலையும் எடுத்துக்கொண்டு, அவள் கண்ணால் கண்டதையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டுமா? “நீ ஓரமாத்தான் நின்ன தாயி. ஒன் செருப்பு அங்கதான் கெடந்துச்சு, நான் பாத்தேன்” என்றேன். அவள் சேலையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

“அப்பாவக் காட்டிக்குடுத்த, இப்ப என்னையும் காட்டிக்குடுக்குற” என்று தட்டை எறிந்துவிட்டுப் போனாய். ஆமாம், காட்டிக்கொடுக்கத்தான் போகிறேன். அன்றைக்கு அந்த டாக்டர் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் உன் அப்பா ஜெயிலுக்குப் போயிருப்பார். ஜெயிலில் இருந்தவர் திரும்பி வந்திருப்பார், ஃபேன் பெல்ட்டோடு வந்திருந்தாலும் வந்திருப்பார். விடுதலை ஆனவர்தான் புளியமரத்துக்குப் போனார். உனக்குச் சரவெடி வெடிக்க நான் விட மாட்டேன். உன்னை விடுவித்துவிட்டால் நீயும் நல்லபடியாகத்தான் ஓட்டினேன் என்று நம்பிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறுவாய். ஒருநாள் கடப்பாரையோடு நான் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

கூண்டில் ஏறினால் நான் சொல்லப்போவது இதுதான். அரை டம்ளர் சாராயம் குடித்தான், கஞ்சா பீடி இழுத்தான், என் கண் முன்னால். சாவியைப் பிடுங்கினேன், தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். இது பிடிக்கவில்லை என்றால் என் பெயரைச் சாட்சியிலிருந்து எடுத்துவிடச் சொல். நான் நேராக எதிர்த்தரப்பு வக்கீலிடம் போய் நிற்பேன். அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீயே எழுந்து சொல்லிவிடு. நினைவில் இருப்பதைச் சொல்ல வேண்டாம், அது உன்னை ஏமாற்றும். நீ குடித்ததைச் சொல், இழுத்ததைச் சொல், அது போதும். உள்ளே போனால் மனுப் போட்டு வந்து பார்ப்பேன். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை உள்ளே விடுவார்களோ என்னவோ, கேட்டுப் பார்க்கிறேன். நீ வெளியே வருகிற அன்று இந்தச் சுவரில் கறை இருக்கும், முதல் வேலையாக அதைத் துடை.

வாய்தா அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போக பெரியப்பா கார் அனுப்புவதாகச் சொல்லி விட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் பஸ்ஸில் வாரேன். செல்லத்தாயும் அதே பஸ்ஸில்தான் வருகிறாள். அவளுக்குப் படி ஏற ஓர் ஆள் தோள் கொடுக்க வேண்டும். கம்பி இறங்காத தோள் எனக்கு இன்னொன்று இருக்கிறது.

அம்மா